15-ம் தேதிக்கு ஐந்து நாள் கழித்து வந்த வேலை

"ரெண்டு பேர்கிட்டயும் சரின்னு சொல்லி வை கண்ணு, எது முதல்ல கூப்பிடுதோ அங்க போயிக்கலாம்."

2024 ஏப்ரலில் பொள்ளாச்சிக்காரர் ஒருவர் தன் மகளிடம் சொன்னது இது. அந்த ரெண்டு பேரில் ஒருவர் நாங்கள். கோவை குறிச்சி சிட்கோ பக்கம் மோட்டார் பம்பு தயாரிக்கும் கம்பெனி, நான் அங்கே ஆள் எடுக்கும் வேலையைப் பார்க்கிறேன். கதவில் எச்.ஆர். என்று போர்டு இருக்கிறது, ஆனால் அறுபது பேர் வேலை செய்யும் இடத்தில் அந்தப் போர்டுக்குள் பி.எஃப்., வருகைப் பதிவு, கேன்டீன் சாம்பார் பற்றிய புகார் எல்லாமே அடக்கம்.

ஒவ்வொரு வருஷமும் கேம்பஸ் சீசன் முடியும் நேரத்தில் சொந்தக்காரர் பிள்ளை யாராவது போன் பண்ணி "ரெண்டு ஆஃபர் இருக்கு மாமா, என்ன பண்ணலாம்" என்று கேட்பான். அப்போதெல்லாம் நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். முன்மாதிரிக் கதை என்று நினைத்துவிட வேண்டாம், இதில் எல்லோரும் ஏதோ ஒரு இடத்தில் சறுக்கினோம், அதில் பெரிய சறுக்கல் என்னுடையது. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கையில் என்ன இருந்தது

அந்தப் பெண் இ.இ.இ., அதாவது எலெக்ட்ரிகல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங், கடைசி வருஷம். எட்டாவது செமஸ்டரில் எங்களிடம் இன்டர்ன்ஷிப், மாசம் 10,000 ரூபாய் உதவித்தொகை. டெஸ்டிங் பிரிவில் போட்டோம். வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் எடுப்பது, இன்சுலேஷன் பார்ப்பது, பம்பு ஓடும்போது ஹெட், டிஸ்சார்ஜ் குறிப்பது என்று இருந்த வேலையை மூன்றே வாரத்தில் பிடித்துக்கொண்டார். எங்கள் டெஸ்டிங் சூப்பர்வைசர் அந்த ஜூலைக் கடைசியில் ஓய்வு பெறுகிறார், அதற்குள் அவரிடம் கற்றுக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அதனால் ஏப்ரல் 15, திங்கட்கிழமை, அவருக்கு ஆஃபர் லெட்டர் கொடுத்தோம். மாசம் 22,000, ஜூன் 3-ல் சேர வேண்டும், ஏழு நாளில் பதில் வேண்டும்.

அவரிடம் ஏற்கெனவே ஒரு கடிதம் இருந்தது. முந்தைய செப்டம்பரில் கேம்பஸில் ஒரு பெரிய ஐ.டி. சர்வீஸ் கம்பெனி கொடுத்தது, வருஷத்துக்கு 3.6 லட்சம், சேரும் தேதி "பின்னர் தெரிவிக்கப்படும்". இன்டர்ன்ஷிப்புக்கு வந்த முதல் நாளே இதை என்னிடம் சொல்லிவிட்டார். அவர்கள் கல்லூரியில் ஒரு மாணவருக்கு ஒரு ஆஃபர்தான், அதைக் கையில் வாங்கிய பிறகு அடுத்து வரும் கம்பெனிகளின் தேர்வில் உட்கார முடியாது. பல கல்லூரிகளில் இதே விதிதான், காரணமும் நியாயம்தான், நாலு பேர் பத்து ஆஃபரைச் சுருட்டிக்கொண்டு போனால் மற்றவர்கள் எங்கே போவது. ஆனால் முதலில் வரும் கம்பெனி எதுவோ அதையே கட்டிக்கொள்ள வேண்டிய நிலைமைக்கும் அந்த விதிதான் கொண்டுபோய் விடுகிறது.

மூன்றாவதாக, சென்னையில் எம்பெடெட் வேலை, அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சிப்புக்குப் புரோகிராம் எழுதும் வேலை, செய்யும் ஒரு கம்பெனி. கல்லூரி வழியாக இல்லை, அவராகவே விண்ணப்பித்து இரண்டு சுற்று முடித்திருந்தார். கிடைத்தால் 6 லட்சம். அங்கிருந்து இன்னும் பதில் வரவில்லை.

அப்பா சொன்னதை உடனே தப்பு என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. 2023 பிப்ரவரியில் விப்ரோ என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். 6.5 லட்சம் என்று கடிதம் கொடுத்து மாசக்கணக்கில் காக்க வைத்த பிள்ளைகளிடம் 3.5 லட்சத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டார்கள். இன்ஃபோசிஸில் 2022-ல் தேர்வானவர்களில் ஒரு கூட்டம் 2024 வரை காத்துக் கிடந்தது, விவகாரம் தொழிலாளர் அமைச்சகம் வரைக்கும் போனது. இதையெல்லாம் பேப்பரில் படித்த ஒரு அப்பா, மகளிடம் ஒரே கடிதத்தை நம்பி உட்காரச் சொல்வாரா? கம்பெனிகள் கடிதத்துக்குக் கொடுக்கும் மரியாதையைத்தான் அவரும் கொடுத்தார்.

அப்படியானால் ரெண்டுக்கும் சரி சொல்வதில் என்ன கெட்டுவிடும்? ஐ.டி. கம்பெனிக்கு அனேகமாக ஒன்றும் கெடாது, பத்தாயிரம் பேருக்குக் கடிதம் கொடுக்கும்போதே இத்தனை பேர் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். எங்களைப் போன்ற இடத்தில் அந்தக் கணக்கு கிடையாது. இருப்பது ஒரே ஒரு வேலை. "சரி" என்று ஒருவர் சொன்ன நிமிஷம், இரண்டாவது இடத்தில் இருப்பவருக்கு நான் இல்லை என்று சொல்ல வேண்டும், சூப்பர்வைசர் தன் கடைசி இரண்டு மாசத்தை இவருக்காக ஒதுக்க வேண்டும். ஜூன் 3 காலையில் போன் சுவிட்ச் ஆஃப் என்று வந்தால் ஓய்வு பெறப்போகிறவரை யாரும் பிடித்து வைக்க முடியாது. இப்படி எங்களுக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. அந்த இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் அதிகமில்லை, ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கலாம் என்பது மட்டும்தான்.

அவர் எழுதிய பதில்

ஏப்ரல் 18 இரவு மெயில் வந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தார், தமிழில் சொன்னால் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"ஆஃபருக்கு நன்றி. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. சரி சொல்வதற்கு முன் மூன்று விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, அசல் சான்றிதழ்களைக் கம்பெனியில் வைக்க வேண்டும் என்று கடிதத்தில் உள்ளது. சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தர முடியுமா? இரண்டு, இரண்டு வருஷத்துக்குள் விலகினால் ஒரு லட்சம் என்று உள்ளது. அது எந்தப் பயிற்சிக்கான செலவு, நாளாக ஆகக் குறையுமா? மூன்று, சென்னையில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ முடித்திருக்கிறேன், முடிவு தெரியவில்லை. மே 15 வரை நேரம் கொடுத்தால் அதற்குள் உறுதியாகச் சொல்லிவிடுவேன். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றால் தயவுசெய்து சொல்லுங்கள், ஏழு நாளுக்குள்ளேயே முடிவெடுக்கிறேன்."

மறுநாள் மக்களவைத் தேர்தல், விடுமுறை. சனிக்கிழமை முதலாளி விரல் மையோடு வந்து மெயிலைப் படித்தார். முகம் மாறிவிட்டது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "ஏன் அம்மணி, சோத்துக்கு இலை போட்டாச்சு, நீ பக்கத்து மண்டபத்துல என்ன சாம்பார்னு பாத்துட்டு வரேங்கிற?" என்றார்.

"இல்லீங்க சார், இலையில உக்காந்துட்டு எந்திரிச்சுப் போறதுக்கு இது பரவாயில்லைன்னுதான் கேட்டேனுங்க" என்றார் அவர். சொல்லிவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், சிரிப்பு வந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் ஆஃபர் போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. சில இடங்களில் போகத்தான் செய்யும், போகாது என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் அவர் கேட்ட விதத்தைப் பாருங்கள். நேரம் வேண்டும் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை, எதற்காக, எந்தத் தேதி வரை, முடியாது என்றால் தான் என்ன செய்வேன் என்பது வரை சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் வரை முறைத்துக்கொண்டிருந்த முதலாளி, போகும்போது "எப்படியும் பரீட்சை முடிஞ்சு ஜூன்லதானே வரணும், மே 15 வரைக்கும் பொறுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அசல் சான்றிதழ் விஷயம் எனக்கே வெட்கமாகப் போனது. எப்போதோ யாரோ டைப் பண்ணிய கடிதம், வருஷா வருஷம் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அடுத்தவர் டிகிரியைப் பீரோவில் பூட்டி வைத்துக்கொள்ள நமக்கு என்ன உரிமை? அந்த வரியை அன்றே அடித்தாயிற்று.

பாண்ட், அதாவது இத்தனை வருஷத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற அந்த நிபந்தனை, அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. இதைப் பற்றி மாணவர்களிடம் இரண்டு வகை வதந்தி உண்டு, பாண்ட் செல்லவே செல்லாது என்பது ஒன்று, கையெழுத்துப் போட்டால் ஜெயில் என்பது இன்னொன்று. ரெண்டும் தப்பு. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 27-ம் பிரிவு ஒருவர் தொழில் செய்வதையே தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது, அதாவது விலகிய பிறகு வேறெங்கும் வேலை பார்க்கக் கூடாது என்று கட்டிப்போட முடியாது. 74-ம் பிரிவின்படி, எழுதி வைத்த தொகை என்பது உச்சவரம்பு மாதிரி, அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். பாண்டே செல்லாது என்றும் ஆகிவிடாது. 2025 மே மாசம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனால் அது பொதுத்துறை வங்கி, திறந்த போட்டி வைத்துத்தான் ஆள் எடுக்க வேண்டும், ஒருவர் இடையில் போனால் அந்தச் செலவு முழுக்க மறுபடி வரும், அந்தக் காரணத்தையும் கோர்ட் பார்த்தது. மூன்று வாரம் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளும் வேலைக்கு ஒரு லட்சம் என்று நாங்கள் போட்டிருந்ததற்கு என்ன நியாயம் இருக்கிறது? அவர் கேட்ட பிறகுதான் உட்கார்ந்து யோசித்தோம். 40,000 ஆக்கி, ஆறு மாசத்துக்கு ஒருமுறை பத்தாயிரம் குறையும்படி மாற்றினோம்.

ஒன்று கவனியுங்கள், இதையெல்லாம் அவர் சரி சொல்வதற்கு முன்னாடி கேட்டார். சேர்ந்த பிறகு கேட்டிருந்தால் எங்கள் காதில் அது தகராறு மாதிரித்தான் விழுந்திருக்கும்.

15-ம் தேதி

மே மாசம் முதல் வாரத்தில் ஐ.டி. கம்பெனிக் கடிதத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கல்லூரி பிளேஸ்மென்ட் அலுவலகத்தில், "எதுக்கும்மா இப்ப எழுதிக் கொடுக்கிற, அப்படியே விட்டுடு, கூப்பிட்டா போகாம இருந்துக்கோ" என்றார்களாம். இத்தனை பேருக்கு வேலை என்று அடுத்த வருஷ விளம்பரத்தில் போடும் எண்ணிக்கையில் ஒன்று குறையும் என்ற கவலை. அவர் கேட்கவில்லை, மெயிலில் இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டார். நானாக இருந்தால் அனுப்பியிருப்பேனா தெரியாது.

மே 15 வந்தது. சென்னையிலிருந்து சத்தமே இல்லை. சொன்ன தேதியில், மாற்றிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் நான் இரண்டாவது ஆளாக வைத்திருந்த ஈரோட்டுப் பையனுக்குப் போன் போட்டு, இடம் நிரம்பிவிட்டது என்று சொன்னேன்.

மே 20, திங்கள். சென்னையிலிருந்து ஆஃபர் வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே என்னிடம் போனில் சொன்னார். அழவில்லை, ஆனால் குரல் சரியில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அப்பாவோடு வந்துவிட்டார்.

இங்கே பணக் கணக்கைச் சொல்லியாக வேண்டும், 22,000 எங்கே 50,000 எங்கே என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சி.டி.சி. என்பது ஒரு ஆளுக்குக் கம்பெனி வருஷத்தில் செய்யும் மொத்தச் செலவு, அது 6 லட்சம் என்றால் மாசம் 50,000 வராது. அதில் 60,000 வருஷக் கடைசியில் வேலையைப் பார்த்துக் கொடுப்பது. மீதியில் கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது, இன்சூரன்ஸ் எல்லாம் போய், தன் பங்கு பி.எஃப்.பும் தொழில் வரியும் பிடித்தது போக, அந்தக் கடிதத்தின்படி கைக்கு வருவது 38,500-ஐ ஒட்டி. எங்களிடம் கைக்கு வருவது 20,300 சொச்சம். சென்னையில் சாப்பாட்டோடு ஹாஸ்டல் 9,000, மற்ற செலவு 4,000 என்று வைத்தால் மிஞ்சுவது 25,000. இங்கே வீட்டிலிருந்தே வரலாம், பஸ்ஸுக்கு 2,000 போனால் 18,000. ஆக நிஜ வித்தியாசம் மாசம் 7,000. அவருக்கு 3.5 லட்சம் கல்விக் கடன் இருந்தது, படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத் தவணை ஆரம்பிக்கும், மாசம் 5,800 பக்கம். அந்த 7,000 என்பது அந்தத் தவணைதான். இரண்டு மடங்கு சம்பளம் என்ற ஆசை இல்லை இது, வீட்டில் தங்கையும் படிக்கிறாள்.

முதலாளி அறையில் அவர் நேராகச் சொன்னார். "நான் சொன்ன தேதியைத் தாண்டித்தான் சார் இது வந்திருக்கு. உங்ககிட்ட கையெழுத்தும் போட்டுட்டேன். ஆனாலும் நான் போகணும்னு நினைக்கிறேன். ரெண்டு வாரம் வந்து டெஸ்ட் ரிப்போர்ட் பார்மேட் முழுசும் எழுதி முடிச்சுக் கொடுத்துடறேன், அதுக்குச் சம்பளம் வேண்டாம்."

"நாங்க கத்துக்கொடுத்த வேலையை எடுத்துட்டுப் போய் அவன்கிட்ட கொடுக்கப் போற" என்றார் முதலாளி. அது கோபத்தில் வந்த பேச்சு, நியாயமில்லை. மாசம் பத்தாயிரத்துக்கு அவர் முழு ஆள் வேலை பார்த்தார், நன்றிக்கடன் என்று ஒன்று பாக்கியிருந்தால் அது எங்கள் பக்கம்தான். அப்பா எழுந்து நின்று கும்பிட்டார், அது இன்னும் சங்கடமாகிவிட்டது. கடைசியில், "சம்பளம் வாங்காம எல்லாம் வர வேண்டாம், இன்டர்ன்ஷிப் காசு கணக்குல போட்டுக்கலாம், எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்று முடிந்தது.

எங்கே சறுக்கியது

அவர் போனது சரியா என்று என்னிடம் கேட்டால், சரிதான் என்பேன், கொஞ்சம் முனகிக்கொண்டே. கொடுத்த வார்த்தையை மீறினார், அதை மழுப்பத் தேவையில்லை. ஆனால் தெரிந்த அன்றைக்கே சொன்னார், நேரில் வந்தார், எங்களுக்கு ஆகும் நஷ்டத்தைத் தன்னால் முடிந்த அளவு குறைத்தார். எங்கள் கடிதத்தின் கடைசி வரி என்ன தெரியுமா, "நிர்வாகம் காரணம் கூறாமல் இந்த ஆஃபரைத் திரும்பப் பெறலாம்". அப்படி ஒரு வரியை வைத்துக்கொண்டு நாங்கள் அவரிடம் சத்தியத்தைப் பற்றிப் பாடம் எடுக்க முடியாது.

அவருடைய உண்மையான தப்பு மே 20-ல் இல்லை, அதற்கு ஒரு மாசம் முன்னாடி. எங்களிடம் அத்தனை தைரியமாக மூன்று கேள்வி கேட்டவர், சென்னைக் கம்பெனியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எனக்கு இன்னொரு ஆஃபர் இருக்கிறது, மே 15-க்குள் பதில் சொல்ல வேண்டும், அதற்குள் உங்கள் முடிவைச் சொல்ல முடியுமா" என்று ஒரு மெயில் போட்டிருக்கலாம். ஆள் எடுப்பவர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, நானே இப்படி மெயில் வந்தால் அந்தக் கோப்பை மேலே எடுத்து வைப்பேன், வேறு இடத்திலும் இவரை வேண்டும் என்கிறார்கள் என்றால் நாமும் சீக்கிரம் பார்ப்போமே என்றுதான் தோன்றும். ஏன் கேட்கவில்லை என்று பிறகு கேட்டேன். "பெரிய கம்பெனிங்க சார், அவசரப்படுத்தினா வேண்டாம்னு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சுங்க" என்றார். எங்களிடம் பயம் இல்லை, ஏனென்றால் தினமும் பார்க்கிற முகம். அவர்களிடம் பயம். இன்னொன்று, அந்த 15-ம் தேதியை அவர் எங்கிருந்தும் எடுக்கவில்லை, மாசப் பாதி என்று மனசில் தோன்றியதை எழுதிவிட்டார். எப்போது முடிவு தெரியும் என்று அங்கே கேட்டு எழுதியிருந்தால், மே 22 என்று போட்டிருப்பார், முதலாளி அதற்கும் சரி என்றிருப்பார்.

அப்புறம், என் பங்கு.

ஈரோட்டுப் பையனுக்கு ஏப்ரல் 18-லிருந்து மே 16 வரை நான் சொன்னது ஒரே வாசகம்தான், "சொல்றோம் தம்பி". ஒருவர் யோசித்துக்கொண்டிருக்கிறார், அவர் வேண்டாம் என்றால் உனக்குத்தான், மே 15-ல் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவனும் கையை விட்டுப் போய்விடுவான் என்று மறைத்தேன். அந்தப் பெண் எங்களிடம் செய்யாமலிருந்ததை நான் அவனிடம் செய்தேன்.

மே 21, அவர்கள் கிளம்பிப் போன அரை மணி நேரத்தில் அவனுக்குப் போன் போட்டேன். ஓசூரில் ஒரு கம்பெனிக்குச் சரி சொல்லிவிட்டானாம், 27-ம் தேதி சேர வேண்டும். பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, ஏப்ரல் கடைசியில் பெருந்துறையில், வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஒரு வேலை வந்ததை எங்களை நம்பி விட்டிருக்கிறான். கேட்டுக்கொண்டேதான் இருந்தேன், ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஓசூர் ரொம்ப தூரமாச்சே தம்பி, இன்னும் சேரலையே, இங்க வந்துடேன்" என்றேன்.

"இல்லீங்க சார். அவங்களுக்கு வர்றேன்னு சொல்லிட்டேனுங்க."

அந்த இடத்துக்கு ஆள் கிடைத்தது ஆகஸ்ட் கடைசியில். சூப்பர்வைசர் அதற்குள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், புதிதாக வந்தவர் அந்தப் பெண் எழுதி வைத்த டெஸ்ட் ரிப்போர்ட் பைலைப் பார்த்துத்தான் வேலை கற்றுக்கொண்டார்.